அறுவைக்குப் பின், பக்கவாதத்துக்குப் பின்: பிசியோதெரபி கேள்வி-பதில்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து பத்து நாள். காலுக்கடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். வைக்கலாமா?

முழங்காலுக்கு அடியில் வேண்டாம். வலி குறையும்தான்; ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகும். பிறகு கால் முழுதாக நீளாது, நொண்டல் தங்கிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். ஒரு வேளைக்கு 10 நிமிடம், தினம் மூன்று வேளை. அப்போதே தொடைத்தசையை இறுக்கி, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும், 10 முறை. ‘எப்போது மடக்க வரும்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நீட்டுவதை யாரும் கேட்பதில்லை. மடக்குவது இரண்டு வாரத்தில் 90 டிகிரியை எட்டினால் நல்லது. படி ஏற நல்ல கால் முதலில். இறங்க அறுவை செய்த கால் முதலில். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி செய்தால் வலிக்கிறதே?

ஓரிரு மணி நேரத்தில் அடங்கினால் தொடரலாம். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கி, பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் அவர் வேலையே.

பக்கவாதம் வந்த அப்பாவின் கையில் ரப்பர் பந்து கொடுத்திருக்கிறோம். சரியா?

விரல்கள் ஏற்கெனவே உள்ளே மடங்கி இறுகியிருந்தால் பந்து உதவாது. அவருக்குத் தேவை கையை விரிக்கும் பயிற்சி: டம்ளரைப் பிடிப்பதைவிட, பிடித்ததை விடுவது. இன்னொன்று, வீட்டில் அதிகம் நடக்கும் தவறு: எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது. தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது அந்தக் கையைத் தலையணைமேல் தாங்கி வையுங்கள்.

மகனுக்கு முழங்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்தலாமா?

கூடவே கூடாது. முழங்கையை வலுவில் நீவி இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். பிறகு மூட்டு அசையாது. வெந்நீர் ஒத்தடம் 10 நிமிடம், பின் அவனே மெதுவாக மடக்கி நீட்டட்டும்.

வலிக்குக் கரண்ட் (மின்சிகிச்சை) வைத்தால் மட்டும் போதாதா?

போதாது. அது வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் தசை பலம் பெறாது.