எட்டு வருடக் கணினி மெதுவாகிவிட்டது, கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அதற்குள் இருப்பதை வேறொன்றில் நகல் எடுத்துவிட்டீர்களா? உங்கள் கேள்வியில் கணினியின் வயது இருக்கிறது, திறக்க ஐந்து நிமிடம் எடுக்கிறது என்று இருக்கிறது, கடைக்காரர் சொன்ன விலையும் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நகல் எடுக்கவில்லை என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு அதை முடித்துவிட்டு வாருங்கள்.

நான் படித்த தொழில்நுட்பவியலாளன் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் இருக்கிறேன், நெல் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 2009இல் வீட்டுக்கு முதல் கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து அதைக் கழற்றிப் பூட்டியே பழகியவன். படித்தவர்கள் இதில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்துகிறேன். ஆனால் இதெல்லாம் என் கையால் செய்து பார்த்தவை.

2012இல் அந்த முதல் கணினி உங்களுடையதைப் போலவே மெதுவாகிவிட்டது. எனக்கு அப்போது அவ்வளவு தெரியாது. கடையொன்றில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். "அண்ணன், விண்டோஸ் புதுசா அடிச்சுத் தாறன், பறக்கும்" என்றார் அங்கிருந்த தம்பி. "டி டிரைவில சாமான் கிடக்கு, கவனம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், டிஸ்க் சி, டி என்று இரண்டு பிரிவாக இருந்தது. அடுத்த நாள் எடுத்து வந்து திறந்தால் சி மட்டும் இருக்கிறது, டியே இல்லை. இருந்த பிரிவுகளையெல்லாம் அழித்து, முழு டிஸ்க்கையும் ஒன்றாக்கி, போர்மட் அடித்திருந்தார்.

அந்த டியில் அப்பாவின் வேலை இருந்தது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பக்கத்திலும் படுவான்கரையிலும் கூத்துப் பழக்குகிற பழைய அண்ணாவிமாரிடம் இருந்த கூத்துக் கொப்பிகளைக் கேட்டு வாங்கி, வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகையாகப் பிரித்து, தரு, விருத்தம் என்கிற கூத்துப் பாட்டுகள் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் அடித்துச் சேர்த்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. 2004 சுனாமியில் நாவலடியில் சின்னம்மாவின் வீட்டோடு எங்கள் குடும்பத்துப் படங்கள் எல்லாம் போயிருந்தன. கடதாசியில் இருப்பது நிற்காது, கொம்பியூட்டரில் போட்டால்தான் நிற்கும் என்று அதன் பிறகு அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் தொடங்கினார்.

நான் போய்ச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பரவாயில்லடா மகன், கொப்பி கிடக்குத்தானே" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த ஒரு வாரம் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளோடு கிடந்தேன். போர்மட் அடித்தாலும் கோப்புகள் உடனே அழிவதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகிறது, மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அந்த மென்பொருள் டிஸ்க்கை ஒரு நுனியிலிருந்து வாசித்து, இது வேர்ட் கோப்பின் தொடக்கம், இது படத்தின் தொடக்கம் என்று அடையாளம் கண்டு தோண்டி எடுக்கும். பெயர் எதுவும் வராது, எண்கள்தான். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. அதற்குள் அப்பாவுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் பாமினி எழுத்துருவில் அடித்தவர், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு அது. பாமினியில் 'தரு' என்று அடித்தால் கணினிக்கு அது ஆங்கிலச் சிறிய ஜே, பெரிய யூ, அவ்வளவுதான். அந்த இரண்டு எழுத்தையும் கொடுத்துத் தேடித் தேடி எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். மிச்சத்தின் மேல் புது விண்டோஸ் உட்கார்ந்துவிட்டது.

அப்பா மீதியைத் திரும்ப அடித்தார். ஆனால் இரண்டு கொப்பிகளை அதற்கு முன்பே உரியவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தார். போய்க் கேட்டபோது பெட்டியோடு கறையான் தின்றுவிட்டது என்றார்கள். அந்தக் கூத்துகள் இரண்டும் இன்றுவரை பாதிதான்.

பாமினி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடில் தமிழ் 1991இல் இருந்து இருக்கிறது, விண்டோஸிலும் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்து தமிழ் வேலை செய்கிறது. ஆனாலும் எனக்கு வருகிற அறிவித்தல், கூட்டக் குறிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் இன்னும் பாமினியில்தான் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். போனில் வாசிக்க முடியாது. தேடினால் கிடைக்காது. கண் தெரியாத ஒருவருக்குத் திரை வாசிப்பான் அதை வாசித்துக் காட்டவும் முடியாது. நான் அப்பாவின் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது இடையில் இருந்த ஆங்கிலச் சொல் எல்லாம் குப்பைத் தமிழாகிவிட்டது, ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து திருத்தினேன். பழகிய விசைப்பலகையை விட முடியாது என்பார்கள். விட வேண்டாமே. அதே பாமினி விசை அமைப்பில் அடித்து யூனிகோடாக வரவைக்கிற மென்பொருள்கள் எப்போதோ வந்துவிட்டன. இதைச் சொன்னால் "இவருக்கு வேற வேலை இல்ல" என்கிறார்கள். இன்னும் இருபது வருடம் கழித்து அந்தக் கோப்புகளை ஒருவரும் வாசிக்க முடியாமல் போகும்போது யாரைக் கேட்பது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

2014இல் வாங்கிய இரண்டாவது கணினி (இன்டெல் ஐ3 செயலி, நான்காம் தலைமுறை, ராம் என்ற தற்காலிக நினைவகம் 4 ஜிபி) 2022இல் நின்றது. அந்த மார்ச் மாதக் கடைசி இலங்கையில் யாருக்கும் மறந்திருக்காது, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. போவது பிரச்சினை இல்லை, திரும்பி வரும்போது ஏறி இறங்கி அடிக்கிற அடிதான் பிரச்சினை. ஒரு நாள் இரவு கரண்ட் வந்த பிறகு ஸ்விட்சைப் போட்டேன், காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, உள்ளே நீளமாக ஒரு பீப் சத்தம். வேறொரு கடையில் காட்டினேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. "போட் போயிற்று அண்ணன், புதுசு எடுக்கிறதுதான் நல்லம்" என்றார் கடைக்காரர். போட் என்றால் மதர்போர்ட், எல்லாப் பாகமும் பூட்டியிருக்கிற தாய்ப் பலகை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்ட காலம் அது. அவர் சொன்ன விலை என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

அப்பா 2019இல் காலமாகிவிட்டார். அந்த டிஸ்க்கில் அவர் அடித்தவை இருந்தன, அவற்றுக்கு நகல் உண்டு, 2012க்குப் பிறகு அதை நான் விட்டதே இல்லை. ஆனால் கடைசி வருடத்தில் அவர் தருக்களைத் தானே பாடிக் காட்டியதை என் போனில் பதிந்து, போன் நிறைந்ததும் கணினிக்கு மாற்றியிருந்தேன். அந்தக் குரலுக்கு நகல் இல்லை. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று மூன்று வருடம் போய்விட்டது. கடையில் நின்றபோது அதுதான் நெஞ்சில் அடித்தது. பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

மேசையில் படுக்கவைத்து, கரண்ட் வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டுத் திறந்தேன். ராமைக் கழற்றினால் அதன் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம். நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறவர்கள், உப்புக் காற்று ஆணியைத் தின்கிற மாதிரி இதையும் தின்னும். மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து மெதுவாக உரசி, தூள் உள்ளே விழாமல் துடைத்து, திரும்ப அழுத்திப் பூட்டினேன். திரை வந்துவிட்டது. மனுசி குசினியிலிருந்து ஓடி வந்தாள், நான் கத்தியிருக்கிறேன் போல.

அடுத்தது திகதி. பல வருடம் பின்னால் காட்டியது. அது மதர்போர்டில் இருக்கிற நாணயம் போன்ற பட்டரி, சீஆர் 2032, 3 வோல்ட். அது செத்தால் கரண்ட் இல்லாதபோது கணினி நேரத்தை மறந்துவிடும். திகதி பிழையானால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை போலத் தெரியும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வரும். வைரஸ் என்று சொல்லி இதற்குக் காசு வாங்கிய கதைகள் எனக்குத் தெரியும். கடிகாரக் கடையிலேயே அந்தப் பட்டரி கிடைக்கும்.

பிறகுதான் மெதுவாக இருப்பதன் காரணம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன், டிஸ்க்கின் நலத்தை நிறத்தில் காட்டும். நீலம் என்றால் நல்லம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே நகல் எடுங்கள். என்னுடையது மஞ்சள். அன்றிரவே, கரண்ட் இருந்த நேரம் முழுவதும் விழித்திருந்து, அப்பாவின் குரலை முதலில் எடுத்தேன். பிறகுதான் மற்றவை.

அதற்குப் பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, அதாவது சுற்றுகிற தட்டு இல்லாத சில்லு டிஸ்க், வாங்கிப் பூட்டினேன். உங்கள் கணினியிலும் சுற்றுகிற ஹாட் டிஸ்க்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஐந்து நிமிடம் என்கிறீர்களே. ஹாட் டிஸ்க்கில் ஒரு ஊசி தட்டின் மேல் ஓடி ஓடித் தேட வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கன் அளவில் போகும், விண்டோஸ் திறக்கும்போது அப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தேடல்கள். எஸ்எஸ்டியில் ஓடுகிற ஊசியே இல்லை. நாலு நிமிடம் எடுத்த என் கணினி அரை நிமிடத்துக்குள் திறந்தது. ராமையும் 8 ஜிபி ஆக்கினேன். எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எஸ்டி சாகும்போது கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லாது, சிலவேளை ஒரே நாளில் போய்விடும். அதில் அழித்ததைத் தோண்டி எடுப்பதும் அநேகமாக முடியாது. அழித்த இடங்களை விண்டோஸே அதற்குச் சொல்லிவிடும், அது துடைத்துவிடும். 2012இல் என்னிடம் எஸ்எஸ்டி இருந்திருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கும் கிடைத்திருக்காது. அதனால் கழற்றிய பழைய டிஸ்க்கை எறியாதீர்கள், நீலமாக இருந்தால் யூஎஸ்பியில் செருகுகிற டிஸ்க் உறை ஒன்றில் போட்டு நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதே, பழையதை வைத்து என்ன செய்வது என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். உண்மைதான். உங்கள் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் விண்டோஸ் 11 போகும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில், அதாவது விண்டோஸ் திறக்கும் முன் வருகிற அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடந்தால் இயக்குங்கள். அதற்கு முந்தியது என்றால் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் பெற ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பதிந்துகொள்ளுங்கள். நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். மகள் அதில்தான் படிக்கிறாள், மனுசி வங்கி வேலை பார்க்கிறாள், தமிழ் யூனிகோட் எந்தக் குறையும் இல்லாமல் வருகிறது. வீடியோ வெட்டுகிறவர்கள், பெரிய கேம் விளையாடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்குப் புதிது வேண்டும்தான், இந்தக் கேள்வி கேட்டவர் அப்படி எழுதவில்லை.

எல்லாவற்றையும் கிளவுட்டில் போடலாமே என்பவர்களுக்கு: போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் கூகுளில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, மின்னஞ்சலும் படங்களும் எல்லாம் சேர்த்து. மேலதிகமாக மாதாமாதம் கட்ட எல்லா வீட்டிலும் முடியாது.

கடைக்காரர் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு தம்பி, என் பவர் சப்ளையில் வீங்கிப்போன இரண்டு கொண்டென்சரைப் பற்றவைத்து மாற்றித் தந்துவிட்டு, இது ஒரு வருடம் போகும், அதற்குள் புதிதொன்று பாருங்கள் என்று நேராகச் சொன்னார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் தூசும் சூடும் சேர்ந்து இன்னும் மெதுவாக்கும். ஊதிச் சுத்தம் செய்யும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் கெட்டுவிடும். யூபிஎஸ் என்ற பட்டரிப் பெட்டி இல்லை என்றால் கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து பத்து நிமிடத்துக்குப் பிறகு போடுங்கள்.

நகல் எடுத்த பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டு என்ன நிறம் காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள், இன்டெல் எத்தனையாம் தலைமுறை என்பதையும் சேர்த்து. ஆலை விட்டு வந்து எட்டு மணிக்குப் பிறகு பார்ப்பேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும் போர்மட் அடிக்க விடாதீர்கள்.