முட்டை வடிவச் செயின்ரிங் மாட்டினால் மலை ஏறுவது எளிதாகுமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வயது 41. ஞாயிறுதோறும் ரோடு பைக்கில் ஏற்காடு ஏறுகிறேன். முன்னால் உள்ள பல்சக்கரங்கள் (செயின்ரிங்) 50-34 பல், பின்னால் 11-28 பல். கடைசி வளைவுகளில் மிதிக்கவே முடிவதில்லை, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. ஓவல் செயின்ரிங் மாட்டினால் வேகம் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம்.

மிதியை நேர் மேலே நிறுத்தி, கையால் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள், கிராங்க் (மிதியைத் தாங்கும் தண்டு) சுற்றாது. அதையே முன்பக்கம் கிடையாகக் கொண்டுவந்து லேசாக அழுத்துங்கள், வண்டியே நகரும். ஓவல் செயின்ரிங்கின் மொத்த யோசனையும் இதுதான். கால் வலுவாக அழுத்தும் இடத்தில் பல்சக்கரம் பெரிதாகவும், மேலும் கீழும் உள்ள ‘டெட் ஸ்பாட்’டில் சிறிதாகவும் இருக்கும். 10 சதவீத ஓவல் என்றால், 34 பல் சக்கரம் ஓரிடத்தில் சுமார் 36 போலவும் இன்னோரிடத்தில் 32 போலவும் நடந்துகொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெட் ஸ்பாட்டில் கால் பெரிதாக அழுத்துவதே இல்லை, அதனால் அங்கே வீணாகப் போகும் சக்தியும் அதிகமில்லை. மூச்சும் இதயமும் தசையும் தருகிற சக்தியைப் பல்சக்கரத்தின் வடிவம் கூட்டாது. ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலானவற்றில், சீராக நெடுநேரம் மிதிக்கும்போது வட்டத்துக்கும் ஓவலுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

2012இல் விக்கின்ஸும் 2013இல் ஃப்ரூமும் ஆஸிமெட்ரிக் என்ற பிராண்டின் ஓவலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றது உண்மை. அதே விக்கின்ஸ் பிற்பாடு வட்டத்துக்கே திரும்பினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980களில் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த பயோபேஸ் என்ற ஓவல், பெரிய பக்கத்தை ஏறக்குறைய இதற்கு நேர்மாறான இடத்தில் வைத்தது. அதையும் அப்போது நல்லது என்றுதான் விற்றார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கிராங்கில் பொருத்தி, மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர்களில் பல, ஒரு சுற்று முழுக்கக் கால் ஒரே வேகத்தில் சுழல்வதாக வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஓவலில் அது உண்மையில்லை என்பதால் வாட் சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். “மாட்டியதும் பவர் ஏறியது” என்று யாராவது சொன்னால், முதலில் மீட்டர் எது என்று கேளுங்கள்.

உங்கள் சிக்கல் கியரில் இருக்கிறது. 34-28 என்பது மிதி ஒரு சுற்றுக்குப் பின் வீல் 1.21 சுற்று. பின்னால் 11-34 கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) போட்டால் அது சரியாக 1 ஆகிவிடும். இப்போது நிமிடத்துக்கு 60 சுற்றில் திணறும் அதே வேகத்தை 73 சுற்றில், அந்த அளவுக்குக் குறைந்த அழுத்தத்தில் எட்டலாம். பின் டிரெய்லியர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் முட்டி. முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். குதிகாலை மிதியில் வைத்து முழுக்கக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். முட்டி மடங்கியே இருந்தால் சீட்டை 3, 4 மில்லிமீட்டர் உயர்த்தி ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்கும் வலி அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓவல் ஆசை இருந்தால், முன்னால் ஒற்றைச் செயின்ரிங் உள்ள மலை பைக்கில் முயன்று பாருங்கள். அங்கே முன் டிரெய்லியர் இல்லை, செயின் மாற்றும்போது நழுவும் தொல்லையும் இல்லை. சரளைக்கல் ஏற்றத்தில் இழுவை சீராக இருப்பதாகப் பலரும் விரும்பி ஓட்டுகிறார்கள்.