நொதிகளால் எந்தக் கழிவு சிதையும், எது சிதையாது?

ஆம்பூர் வாசகர்: தோலில் முடி நீக்கச் சுண்ணாம்புக்குப் பதிலாக நொதி (என்சைம்) பயன்படுத்தினால், டேனரி எனும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெடுவது நிற்குமா?

ஒரு பகுதி குறையும், முழுவதும் நிற்காது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் முடியையே கூழாக்கிவிடுவதால், அந்தப் புரதமெல்லாம் கழிவுநீரில் கலந்து அதன் சுமையைப் பெருக்குகிறது. புரோட்டியேஸ் வகை நொதியோ முடிவேரைப் பற்றியிருக்கும் புரதங்களைத் தளர்த்துவதால், முடி முழுதாகக் கழன்று வருகிறது. அதைச் சல்லடையில் வடித்தெடுத்து உரமாக்கலாம். சல்பைடு குறையக் குறைய, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயுவின் ஆபத்தும் தொழிலாளர்களுக்குக் குறைகிறது. எனினும் நேரமோ அளவோ மிஞ்சினால் தோலின் மேற்பரப்பே அரிக்கப்பட்டு விலை போகாது. வெப்பத்தையும் காரத்தன்மையையும் விடாமல் கண்காணிக்க ஆளில்லாத இடத்துக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குரோமியமும் உப்பும் வேறு கதை. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் ஒரு தனிமம். உப்போ தோல் கெடாமலிருக்கத் தூவப்படுவது. இரண்டையும் எந்த நொதியாலும் சிதைக்க இயலாது. குரோமியத்தைத் தனியே மீட்டெடுக்க வேண்டும். உப்பை ஊறவைப்பதற்கு முன்பே உதறி அகற்ற வேண்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இப்பகுதியின் டேனரிக் கழிவைப் பற்றித்தான். நொதி வந்துவிட்டது என்று சொல்லி யாரும் கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

சத்துவாச்சாரி வாசகி: பழத்தோலில் வீட்டிலேயே செய்யும் என்சைம் கரைசலை ஏரியில் ஊற்றினால் நீர் சுத்தமாகுமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு என்ற கணக்கில் 3 மாதம் புளிக்கவைத்த அக்கரைசல் பெரும்பாலும் காடியைப் போன்ற அமில நீரே. தரை துடைக்க நன்றாகவே உதவும். ஏரியிலோ அது மேலும் கரிமச் சுமையைச் சேர்த்து, மீன்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குறைக்கும். புளிக்கும்போது வாயு உண்டாவதால், முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்துங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம்.

குடியாத்தம் வாசகர்: பிளாஸ்டிக்கைத் தின்னும் நொதி உண்டா?

உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் (PET) வகைப் பிளாஸ்டிக்கைத் தன் நொதிகளால் சிதைக்கும் நுண்ணுயிரியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் அறிவித்தார்கள். பாலித்தீன் பைக்கு அது பயன்படாது. பாட்டிலைக் கழுவி, தரம் பிரித்துக் கொடுங்கள்.

காட்பாடி வாசகர்: செப்டிக் டேங்கில் நொதிப்பொடி போட்டால் வண்டி அழைக்க வேண்டாமா?

வேண்டும். மணலும் செரிக்காத வண்டலும் அடியில் தங்கிக்கொண்டேதான் இருக்கும். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை வண்டி வைத்து உறிஞ்சி எடுப்பதே வழி. ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை அளவின்றிக் கொட்டாமலிருந்தால், தொட்டியில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களே வேண்டிய நொதியைச் சுரக்கும். உள்ளே ஆளை மட்டும் இறக்காதீர்கள். அது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நச்சுவாயுவால் உயிரும் போகும்.