பெயர் எச்இஐசி, உள்ளே இருப்பது வேறு

கேள்வி: ஐபோனில் எச்இஐசி (HEIC) என்ற கோப்பு வகையில் எடுத்த சுமார் 1,600 படங்களை விண்டோஸ் கணினிக்கு இறக்கி, ஓர் இலவச மென்பொருளில் மொத்தமாக ஜேபிஜி ஆக்கினேன். 300-க்கு மேற்பட்ட கோப்புகளை ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லி விட்டுவிட்டது. மாறிய படங்களில் சில பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. நிறம் வெளிறித் தெரிகிறது. எல்லாப் படங்களுக்கும் நேற்றைய தேதி விழுந்திருக்கிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா? பழைய எச்இஐசி கோப்புகளை அழித்துவிடலாமா?

பதில்: முதலில், மறுபடியும் ‘கன்வெர்ட்’ பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு இல்லை, நான்கு. நான்குக்கும் காரணம் வேறு வேறு. மென்பொருளை நீக்கி நிறுவுவது இவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது. உங்கள் கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது, எந்தெந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அசல் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். உதாரணமாக, இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில், மொத்தமாக மாற்றும் பேட்ச் சாளரத்தில் (படம் பார்க்கும்போது ‘பி’ (B) விசையை அழுத்தினால் வரும்) மூலப் படங்கள் இருக்கும் ஃபோல்டரையே வெளியீட்டு ஃபோல்டராக ஆக்கிவிடும் பொத்தான் ஒன்று உண்டு. வசதிதான், ஆனால் வில்லங்கமும் அதுதான். அதோடு, இருக்கும் கோப்பின் மேலேயே எழுதிவிடச் சொல்லும் கட்டமும், மாற்றியபின் மூலக் கோப்பை அழிக்கச் சொல்லும் கட்டமும் மேம்பட்ட அமைப்புகளில் இருக்கின்றன. பல வருடங்களுக்கு முன் நானே ஒரு மென்பொருளில், மின்னஞ்சலில் அனுப்புவதற்காக அகலத்தை 800 பிக்சலாகக் குறைத்து, அசல்களின் மேலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன். அந்தப் படங்கள் இன்றும் 800 பிக்சல்தான். ஆகவே அசலை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, வெளியீட்டுக்குப் புதிதாக, காலியாக ஒரு ஃபோல்டர் போடுங்கள்.

சரி, அந்த 300 கோப்புகளுக்கு வருவோம்.

விண்டோஸ் பொதுவாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, ஃபோல்டரை வகைவாரியாக அடுக்குங்கள். உதாரணத்துக்கு, 412 என்ற எண்ணுள்ள ஒரே படத்துக்கு மூன்று நான்கு கோப்புகள் இருப்பது அப்போது கண்ணில் படும். எச்இஐசி என்று முடிவது படம். எம்ஓவி என்று முடிவது ‘லைவ் போட்டோ’வின் சில விநாடி வீடியோத் துண்டு. ஏஏஇ என்று முடிவது படமே இல்லை; போனில் அந்தப் படத்தை என்னென்ன திருத்தம் செய்தீர்கள் என்ற குறிப்பு மட்டும் உள்ள சின்னஞ்சிறு கோப்பு. எண்ணுக்கு முன்னால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த இன்னொரு படமும் இருந்தால், அது திருத்திய வடிவம். ‘ஈ’ இல்லாதது திருத்தத்துக்கு முந்தைய அசல். ஃபோல்டரை அப்படியே அள்ளி மென்பொருளில் போட்டிருந்தால், எம்ஓவியையும் ஏஏஇயையும் கொடுத்துப் படமாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது மறுத்ததில் தப்பில்லை. என் ஊகம், உங்கள் 300-ல் பெரும்பகுதி இந்த ரகமாகத்தான் இருக்கும்.

அதைக் கழித்தபின்னும் திறக்க மறுக்கும் எச்இஐசி கோப்புகள் மிஞ்சினால், அதில் ஒன்றைப் பிரதி எடுத்து அந்தப் பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கக் கிறுக்கலாக வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். உண்மையான எச்இஐசி என்றால் ஆரம்பத்திலேயே ‘எஃப்டிஒய்பி’ (ftyp) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், அதை ஒட்டிப் பெரும்பாலும் ‘எச்இஐசி’ என்பதும் தெரியும். ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்று தெரிந்தால் அது ஏற்கெனவே ஜேபிஜிதான், பெயர் மட்டும் எச்இஐசி. ‘பிஎன்ஜி’ என்றால் பிஎன்ஜி. ‘ஆர்ஐஎஃப்எஃப்’ என்று தொடங்கிச் சற்றுத் தள்ளி ‘வெப்பி’ என்று இருந்தால் இணையத்திலிருந்து வந்த வெப்பி படம். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் நீட்டிப்பு டப்பாமேல் ஒட்டிய சீட்டு மாதிரி. மிளகாய்த்தூள் டப்பாவில் காபித்தூள் இருப்பது எந்த வீட்டில் இல்லை! சில மென்பொருள்கள் சீட்டை நம்பும், சில உள்ளே பார்க்கும். இர்ஃபான்வியூ உள்ளே பார்த்து, நீட்டிப்பு பொருந்தாவிட்டால் ‘பெயரை மாற்றட்டுமா’ என்று கேட்கும். அப்படிப்பட்ட கோப்புகளுக்குப் பெயரைத் திருத்தினாலே வேலை முடிந்தது, மாற்றவே தேவையில்லை. ஒன்று மட்டும்: நோட்பேடை மூடும்போது ‘சேவ்’ கொடுத்துவிடாதீர்கள், கோப்பு பாழாகிவிடும்.

நோட்பேடில் எச்இஐசி என்று சரியாகவே தெரிந்து, ஆனாலும் திறக்கவில்லையா? அப்போது கோடெக்கை, அதாவது சுருக்கி வைத்த படத்தை விரித்துப் படிக்கும் துணைக்கருவியைப் பாருங்கள். விண்டோஸில் எச்இஐசி படிக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இரண்டு துணைக்கருவிகள் வேண்டும்: ஒன்று ஹெச்இஐஎஃப் படங்களுக்கானது, மற்றது ஹெச்இவிசி வீடியோவுக்கானது. படத்துக்கு எதற்கு வீடியோ கருவி என்று தோன்றும். எச்இஐசி என்பது ஒரு பெட்டி; அதற்குள் படத்தைச் சுருக்கி வைத்திருப்பது ஹெச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறைதான். முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு ‘எல்லாம் போட்டுவிட்டேனே’ என்று தவிப்பவர்கள் நிறைய. ‘1,300 படங்கள் மாறியிருக்கின்றனவே, கோடெக் இருக்கத்தானே செய்யும்’ என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயமில்லை. மாறிய 1,300-ம் மேலே சொன்ன மாதிரி உள்ளே ஜேபிஜியாகவே இருந்தவையாக இருக்கலாம். மாறியவற்றில் ஒன்றின் அசலையும் நோட்பேடில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிளக்-இன் (மென்பொருளோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) வைத்து இயங்கும் மென்பொருள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: 64-பிட் மென்பொருளுக்கு 64-பிட் பிளக்-இன்தான் பொருந்தும், 32-பிட் போட்டால் அது இருப்பதாகவே மென்பொருள் கண்டுகொள்ளாது.

கடைசியாக ஒரு சிறு கூட்டம் மிஞ்சும்: அளவு பூஜ்யம் காட்டுபவை, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வருபவை. அவை இறக்கும்போதே அறுந்துபோனவை. அவற்றை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது, போனிலிருந்து மறுபடி இறக்க வேண்டியதுதான். இறக்கும் முன், போனின் அமைப்புகளில் ‘போட்டோஸ்’ பகுதிக்குப் போய், கணினிக்கு மாற்றும்போது ‘தானாக’ என்றிருப்பதை ‘அசலை அப்படியே’ என்று மாற்றுங்கள். ‘தானாக’ என்றால் போனே வழியில் ஜேபிஜியாக மாற்றி அனுப்பப் பார்க்கும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் அனுப்பும்போது இணைப்பு நடுவில் அறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, சாய்ந்து கிடக்கும் படங்கள். எனக்குப் பிடித்த கோளாறு இது. போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சென்சார் என்னவோ கிடைமட்டமாகவேதான் படத்தைப் பதிவு செய்கிறது. ‘இதைக் காட்டும்போது 90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை எக்ஸிஃப் தகவலில் (எடுத்த தேதி, திசை போன்ற விவரங்களைப் படத்தோடு சேர்த்து வைக்கும் பகுதி) ஓர் எண்ணாகப் போட்டு வைக்கிறது. ஜேபிஜியில் அந்த எண் 1 முதல் 8 வரை. 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திருப்பு. எச்இஐசியில் சிக்கல் என்னவென்றால், திருப்பச் சொல்லும் குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கும்: பெட்டியின் சொந்தக் குறிப்பு ஒன்று, எக்ஸிஃப் குறிப்பு ஒன்று. மாற்றும் மென்பொருள் பெட்டியின் குறிப்பைப் பார்த்துப் படத்தை நிஜமாகவே திருப்பிவிட்டு, எக்ஸிஃபில் இருக்கும் 6-ஐ அப்படியே ஜேபிஜிக்குள் எழுதிவிட்டால், அதைத் திறக்கும் அடுத்த மென்பொருள் ‘ஓ, திருப்ப வேண்டுமா’ என்று இன்னொரு முறை திருப்பும். நேராக நின்ற ஆள் படுத்துவிடுவார். எக்ஸிஃபைக் கண்டுகொள்ளாத மென்பொருளில் அதே படம் நேராகவே தெரியும். ஒரே படம் ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் சாய்ந்தும் தெரிந்தால் கோளாறு இந்த எண்ணில்தான்.

படுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிச் சேமிக்காதீர்கள். சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஜேபிஜி கொஞ்சம் தரம் இழக்கும். அசலிலிருந்து மறுபடி மாற்றும்போது, ஜேபிஜி சேமிப்பு அமைப்பில் எக்ஸிஃப் திசைக் குறியை மீட்டமைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். இர்ஃபான்வியூவில் அந்தக் கட்டம் இருக்கிறது.

வெளிறிய நிறத்துக்கு வருவோம். ஐபோன் 7-லிருந்து படங்கள் ‘டிஸ்ப்ளே பி3’ என்ற அகலமான நிறவெளியில் (எண்களால் குறிக்கக்கூடிய நிறங்களின் வரம்பு) பதிவாகின்றன. அந்த விவரம் ஐசிசி புரொஃபைல் என்ற பெயரில் படத்தோடு ஒட்டியிருக்கும். மாற்றும்போது அது உதிர்ந்துபோனால், படத்தைத் திறக்கும் மென்பொருள் எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண, குறுகலான நிறவெளி என்று நினைத்துக்கொள்ளும். பி3-ல் ஓர் எண் குறிப்பது கொழுந்துவிட்ட சிவப்பு என்றால், எஸ்ஆர்ஜிபி கணக்கில் அதே எண் குறிப்பது அதைவிடச் சற்று மங்கலான சிவப்புதான். இதனால்தான் வெளிறுகிறது. தீர்வு இரண்டு: புரொஃபைலை உதறாமல் வைத்திருப்பது, அல்லது மாற்றும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு நிறமாற்றமும் செய்துவிடுவது. படங்கள் பல கைக்கும் பல கருவிக்கும் போகும் என்றால் இரண்டாவதுதான் என் பரிந்துரை. ‘சாச்சுரேஷன்’ கூட்டி ஒப்பேற்ற வேண்டாம். தோலின் நிறம் கெட்டுவிடும்.

தேதி விஷயத்தில் கவலையே வேண்டாம். கோப்பு உருவான தேதி வேறு, படம் எடுத்த தேதி வேறு. எக்ஸ்ப்ளோரரில் ‘எடுத்த தேதி’ என்ற நிரலைச் சேர்த்துப் பாருங்கள். பழைய தேதிகள் அங்கே இருந்தால் ஒன்றும் தொலையவில்லை. அங்கேயும் காலி என்றால், எக்ஸிஃபை வைத்துக்கொள்ளும் கட்டத்தில் டிக் இல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள். எப்படியும் அசலிலிருந்து மறுபடி ஓட்டத்தானே போகிறீர்கள், அப்போது அந்தக் கட்டத்தோடு, கோப்பின் பழைய தேதி நேரத்தை வைத்துக்கொள்ளும் கட்டத்திலும் டிக் போடுங்கள். மறுபடி ஓட்ட மனமில்லை என்றால், எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அசலில் இருக்கும் தகவலைப் பெயர் பொருத்தி ஜேபிஜிக்குள் நகல் எடுத்துவிடும். கட்டளை வரியில் எழுதப் பயமில்லாதவர்களுக்கு அது. ஆனால் திசைக் குறியை விட்டுவிட்டு நகலெடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேராக நின்ற படங்களும் படுத்துவிடும்.

வேறு மென்பொருளுக்கு மாற வேண்டிய கட்டாயமில்லை. மாறிப் பார்க்க ஆசை என்றால் எக்ஸ்என்கன்வெர்ட் நல்லது: எந்தக் கோப்பு ஏன் விழுந்தது என்று ஒரு தாவலில் வரிசையாகக் காட்டும், மேக்கிலும் லினக்ஸிலும்கூட ஓடும். எதுவாக இருந்தாலும் முதலில் பத்தே படங்கள் மட்டும். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்தவை இரண்டு, செங்குத்தாக இரண்டு, போனில் திருத்தியது ஒன்று, பனோரமா ஒன்று, விழுந்துபோன கூட்டத்திலிருந்து நான்கு. இந்தப் பத்தும் நேராக, நிறம் குன்றாமல், தேதியோடு வந்தால் 200, 200-ஆகப் பிரித்து ஓட்டுங்கள். 1 கோடியே 20 லட்சம் பிக்சல் படம் ஒன்று, விரித்தால் நினைவகத்தில் சுமார் 36 எம்பி பிடிக்கும். பெரிய பனோரமாக்கள் இதைவிடப் பல மடங்கு. 32-பிட் மென்பொருள் நடுவழியில் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். தரம் 90 வைத்தால் போதும். அது சதவீதம் இல்லை, 100 வைத்தால் கோப்புதான் வீங்கும். ஸ்கிரீன்ஷாட்டுகள் பிஎன்ஜியாகவே இருக்கட்டும், ஜேபிஜி ஆக்கினால் எழுத்துகளைச் சுற்றிப் புகை படிந்தது போலாகும்.

எச்இஐசி கோப்புகளை அழிக்கலாமா என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் அழிக்க மாட்டேன். சாதாரண மாற்றத்தில் போர்ட்ரெய்ட் படத்தின் ஆழத் தகவலும், எச்டிஆர் பிரகாசத்துக்கான தகவலும் ஜேபிஜிக்கு வருவதில்லை. இடமும் எச்இஐசிதான் குறைவாகப் பிடிக்கும். இடத்துக்காக அழிக்கத்தான் வேண்டும் என்றால், ஜேபிஜிகளை அழித்துவிட்டுத் தேவைப்படும்போது மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள்.