பங்கு பிரிக்கும் வீட்டின் பழைய சாமான்கள்: எதை வைப்பது, எதைக் கொடுப்பது?

கேள்வி: காரைக்குடிக்கு அருகில், பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வீட்டைப் பங்கு பிரிக்கப் போகிறோம். சாமான் அறையிலும் மேல்வீட்டிலும் பித்தளை, எனாமல் பாத்திரங்கள், மரவைகள் (அரக்குப் பூசிய மரப் பாத்திரங்கள்), கொட்டான்கள் (ஓலைக் கூடைகள்), ரங்கூன் கணக்குப் பேரேடுகள், மொய் நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், போட்டோக்கள் எனப் பல பெட்டிகள் கிடக்கின்றன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பாத்திரங்களுக்கு மட்டும் மொத்தமாக விலை சொல்கிறார். காகிதங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பாதுகாப்பது, காப்பகம் எதுவும் வாங்கிக்கொள்ளுமா?

பதில்: எடைக்குப் போடச் சொன்ன காகிதங்களைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். சுவீடன் முத்திரை பதித்த எனாமல் தூக்கு அழகானதுதான். ஆனால் அதே வார்ப்பில் இன்னொன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்றும் கிடைக்கலாம். உங்கள் வீட்டு மொய் நோட்டுக்கு உலகில் வேறு பிரதி இல்லை. எந்தெந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள், கொத்தனாரும் சமையல்காரரும் துணி வெளுத்தவரும் பட்டியலில் எந்த இடத்தில் வருகிறார்கள், அவர்களுக்குத் திருப்பிச் செய்த முறை என்ன என்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில் இருக்கிறது. வீடு கட்டிய காலத்துச் செலவுச் சிட்டை கிடைத்தால் அதன் மதிப்பு இன்னும் அதிகம். செட்டிநாட்டு மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் குறிப்பிடத் தவறுவதில்லை. சாந்து அரைத்தவருக்கும் சித்தாளுக்கும் கொடுத்த நாள் கூலி அந்தச் சிட்டையைத் தவிர வேறெங்கும் பதிவாகியிருக்காது.

அடுத்தது, சேர்ந்திருப்பவற்றைப் பிரிக்காமல் இருப்பது. பித்தளைக் குவளை ஒன்றின் விளிம்பில் உங்கள் குடும்ப விலாசம், அதாவது குடும்பப் பெயரின் முன்னெழுத்துகள், வெட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆச்சியின் கல்யாணச் சாமான் பட்டியலில் அந்தக் குவளை ஒரு வரியாக வந்து, அதே கல்யாணத்துப் போட்டோவும் பத்திரிகையும் உடன் இருந்தால், யார் வீட்டிலிருந்து, எந்த ஆண்டில், என்ன முறையாக அது வந்தது என்று சொல்லிவிட முடியும். குவளை ஒரு பங்குக்கும் பட்டியல் இன்னொரு பங்குக்கும் போய்விட்டால், பின்னால் அதை எடையைத் தவிர வேறு எதைக் கொண்டும் மதிப்பிட முடியாது. ஆகவே ஒரு பெட்டியையும் நகர்த்துவதற்கு முன்னால் அறையை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். பெட்டிகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் திறந்தவுடன் உள்ளே இருப்பதை இருந்தபடியே இன்னொரு படம் எடுங்கள். பிறகு ஒரு கெட்டி அட்டை நோட்டில் பொருளின் எண், கிடைத்த இடம், அளவு, அதன் மேலுள்ள எழுத்து, அதைப் பற்றி வீட்டார் சொல்வது, சொன்னவர் பெயர் ஆகியவற்றை எழுதிவாருங்கள். பங்கு பிரித்த பிறகு எது யாரிடம் போயிற்று என்பதையும் அதிலேயே குறித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் (பங்குள்ள குடும்பத்துக்கும்) ஒரு நகல் கொடுத்துவிடலாம்.

தேதி இல்லாத காகிதங்களுக்கு மலைக்க வேண்டாம். காலத்தைக் காட்டும் அடையாளங்கள் ஏராளம். அணாவில் எழுதிய கணக்கு பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முற்பட்டது. ஆனால் அணாக் கணக்கு வழக்கத்தில் சில காலம் நீடித்ததால், அதை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிற்பட்டது. ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று அச்சிட்டிருந்தால் 1985-இல் மாவட்டம் பிரிவதற்கு முன்னாலாக இருக்கலாம். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் முத்திரையிட்ட பீங்கான், இரண்டாம் உலகப்போர் முடிந்ததற்கும் 1952-க்கும் இடைப்பட்டது. பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரையும் தவறாமல் குறியுங்கள். நூறு பத்திரிகைகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வட்டாரத்து அச்சுத்தொழிலின் வரலாறே அதிலிருந்து துலங்கும். தமிழ் எண்களிலும் அரைக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகளிலும் எழுதிய பேரேடுகளைப் படிக்கத் தெரிந்த மூத்தவர் யாரேனும் உறவில் இருந்தால், அவரை உட்கார வைத்துச் சில பக்கங்களையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காகிதத்துக்கு எதிரிகள் ஈரம், வெப்பம், வெளிச்சம், இராமபாணப் பூச்சி, கரையான் ஆகியவை. இவற்றோடு நம் அக்கறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும், போட்டோவையும் பத்திரத்தையும் லேமினேஷன் செய்துவிடுவதும் நல்லெண்ணத்தில் நடக்கும் அழிவுகள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும், லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு இவற்றை மெதுவாக எடுத்துவிட்டு, மென்மையான தூரிகையால் தூசு தட்டி, அமிலமில்லாத காகித உறையிலோ, கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய கோரா துணியிலோ சுற்றி வையுங்கள். பொருளின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், மை பேனா வேண்டாம். மேல்வீட்டு ஓட்டுக்கூரையின் கீழே வெப்பம் தாங்காது. சுவரை ஒட்டித் தரையில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறும். ஆகவே கீழ்க்கட்டில் காற்றோட்டமான உள்ளறை ஒன்றில், சுவரிலிருந்து அரையடி தள்ளி, மரப்பலகையின் மேல் வைப்பதே நல்லது. வசம்புப் பொட்டலம் வைக்கும் பழைய வழக்கத்தில் தவறில்லை, ஆனால் மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது. பூச்சி விழுந்த பேரேட்டைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கழித்தல் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் விட்டால் பூச்சியும் முட்டையும் பெரும்பாலும் அழிந்துவிடும். போட்டோக்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் இப்படிச் செய்யக் கூடாது. ஓலைச்சுவடி இருந்து, ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களாகப் பிரிக்க முயல வேண்டாம். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

பாத்திரங்களுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கித் துலக்கி விலாசத்தைத் தேய்த்துவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மரவையை வெயிலில் காய வைத்தால் அரக்கு வெடிக்கும். கண்டாங்கிச் சேலையைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பு மாற்றி வையுங்கள்.

கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டே நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் சேகரித்தவர். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. அச்சிட்ட காகிதங்களைப் பொறுத்தவரை நீங்கள் முதலில் எழுதிக் கேட்க வேண்டிய இடம் அதுதான். பொருட்களுக்கு, செட்டிநாட்டு வீடு ஒன்றையே பெயர்த்து நிறுவியிருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது. மேலே சொன்ன நோட்டோடு போகிறவர்களுக்கே பதில் சாதகமாக வரும். மூலத்தைக் கொடுக்க மனமில்லை என்றால், ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தரும் ஏற்பாட்டைக் கேளுங்கள்; வீட்டிலேயே செய்வதானால் காகிதத்துக்கு 300, போட்டோவுக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) போதும், போட்டோவின் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் தேவை. கொடுப்பது தானமா, பாதுகாப்புக்கு மட்டுமா, படங்களை இணையத்தில் போடலாமா என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். கடன் பேரேடுகளில் அடமானம் வைத்தவர்களின் பெயர்கள் இருக்கும். அவர்களின் பேரன் பேத்திகள் பக்கத்துத் தெருவிலேயே வசிக்கக்கூடும். அத்தகைய ஏடுகளை இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைத் தயங்காமல் கேளுங்கள்.

எஞ்சிய பாத்திரங்களை விற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றிரண்டையும் விலாசம் வெட்டியவற்றையும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைப் படம் எடுத்தபின் கொடுக்கலாம். ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருட்களும் கைவினைப் பொருட்களும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருட்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அவற்றை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உரிமமும் வேண்டும். விலை பேசுகிறவரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சைத் தொடருங்கள்.