மலைப்பாதை ரயிலை ஒரு ரூமுக்குள்ள ஓட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீடு சரிவுல கட்டினது, ரோட்டு மட்டத்துக்குக் கீழ 10க்கு 8 அடில ஒரு ரூம் சும்மா கிடக்கு. அதுல செங்கோட்டை - புனலூர் லைனை மொத்தமா மாடலா செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. எச்.ஓ (HO) ஸ்கேல் எடுக்கவா, 'என்' (N) ஸ்கேலா?
- வாசகர், புளியரை

பதில்: தம்பி, ஸ்கேலுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க. நம்ம பக்கம் ஆனி ஆடில சாரல், அப்புறம் ஐப்பசி மழை, மண்ணை ஒட்டி நிக்கிற சுவர்ல ஓதம் ஏறத்தான் செய்யும். வெள்ளையா உப்பு பூத்திருந்தா முதல்ல வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க, ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பாத்துட்டு பலகையத் தொடுங்க. சாதா ப்ளைவுட் உப்பி வளைஞ்சிரும், அது மேல போட்ட ட்ராக்கும் சேர்ந்து வளையும், அதனால ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை வாங்கி, இரும்பு ஸ்டாண்ட் மேல, சுவரை விட்டுத் தள்ளி வைங்க, கரையான் வந்தாலும் கண்ணுல படும்.

ஸ்கேல்னு வந்தா உங்க ரூமுக்கு N ஸ்கேல்தான். அது 1:160, அதாவது நிஜத்துல 160ல ஒரு பங்கு, ட்ராக் அகலம் 9 மி.மீ. எச்.ஓ 1:87, 16.5 மி.மீ, ரயில் திரும்புற வளைவுக்கே 18 இஞ்ச் ரேடியஸ் கேக்கும், அப்போ பலகை மூணே கால் அடி அகலம் ஆயிரும், சுவர் ஓரம் கவுந்த பெட்டிய கை நீட்டி எடுக்க முடியாது. N ஸ்கேல்ல 11 இஞ்ச் போதும்.

மொத்த லைன் வேண்டாம்னு அழுத்தியே சொல்றேன். கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், 160ஆல வகுத்தாலும் 300 மீட்டருக்கு மேல வருது, எங்க போடுவீங்க? கழுதுருட்டி பக்கம் இருக்கிற பதிமூணு கண் பாலத்தை மட்டும் எடுங்க. கருங்கல் பாலம், நிஜத்துல சுமார் 100 மீட்டர், N ஸ்கேல்ல ரெண்டு அடி சொச்சம். ஒரு கண்ணைக் கூட குறைக்காம அப்படியே கட்டலாம், அந்த பாக்கியம் எல்லா மாடலுக்கும் கிடைக்காது! பாலத்துக்குக் கீழ ரோடு, ஒரு பக்கம் ஆறு, பின்னால காடு, ஒரு சுவர் நிறைஞ்சிரும். 1904ல லைன் திறந்தப்போ மீட்டர் கேஜ், 2018ல இருந்து முழுசா பிராட் கேஜ், எந்தக் காலம்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. மீட்டர் கேஜ்னா 1000 மி.மீட்டரை 160ஆல வகுத்தா 6.25 வருது, இசட் (Z)னு இன்னும் சின்ன ஸ்கேல் ஒண்ணு இருக்கு, அதோட ட்ராக் 6.5, ஏறக்குறைய சரியா உக்காரும். ஆனா மீட்டர் கேஜ்ல ஓடின ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின் மேல்கூடு நீங்களே செய்யணும். ஏத்தம் 100க்கு 2க்கு மேல போக வேண்டாம், ஒரு ட்ராக் மேல இன்னொண்ணு தாண்ட 5 செ.மீ உயரணும்னா ரெண்டரை மீட்டர் நீளம் வேணும்.

கேள்வி: மலை ஏத்தத்துல பின்னாடி ஒரு இன்ஜின் தள்ளுமே, அதை மாடல்ல செய்ய முடியுமா?
- வாசகி, தென்மலை

பதில்: தாராளமா முடியும்மா. சாதா 12 வோல்ட் டி.சி.ல ரெண்டு இன்ஜினுக்கும் ஒரே கரண்ட்தான், ஒரே மாடலா இருந்தா சேர்ந்து ஓடும். பின்னாடி உள்ளது வேகமா தள்ளினா வளைவுல நடுப்பெட்டி தெறிச்சிரும், அதுக்கு டி.சி.சி. (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியா கட்டுப்படுத்துற டிஜிட்டல் முறை) போட்டு ரெண்டோட வேகத்தையும் சமமா செட் பண்ணிக்கோங்க.