பெண்ணியப் பொருளியலாளர் பீனா அகர்வாலின் ஆய்வுகளில் உங்கள் எண்ணத்தை மாற்றியது எது?

கேள்வி அகர்வாலைப் பற்றியது என்றாலும், என் தாயார் இட்ட ஒரு கையெழுத்திலிருந்து தொடங்குவதே எனக்கு எளிது. 1996-இல் தாத்தா காலமான சில மாதங்களில், அம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, பிறந்த வீட்டு நன்செயில் தாத்தாவின் வாரிசாகத் தமக்கு வந்த பங்கை என் மாமாக்கள் இருவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பணம் எதுவும் பெறவில்லை. அப்போது கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்த நான், விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டார் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

தெற்காசியப் பெண்களின் நில உரிமை குறித்து அகர்வால் 1994-இல் வெளியிட்ட நூல்தான் அந்த எண்ணத்தைத் திருத்தியது. குடும்பத்தை ஒரே மனமுடைய ஓர் அலகாகக் கருதி, அதற்குள் வருவதெல்லாம் அனைவருக்கும் பொதுவானது என்று எங்கள் பாடநூல்கள் சொல்லிவந்தன. அகர்வாலோ குடும்பத்தைப் பேரம் நடக்கும் இடமாகப் பார்க்கிறார். உறவு முறிந்தால் தனித்து நிற்க ஒருவருக்கு என்ன இருக்கிறது என்பதே அந்தப் பேரத்தில் அவருடைய வலிமையைத் தீர்மானிக்கிறது. சொத்து, வேலை, உறவினர் ஆதரவு, அரசின் உதவி எல்லாம் அதில் அடங்கும் எனினும், கிராமத்துப் பெண்ணுக்கு நிலத்துக்கு ஈடானது வேறில்லை என்பது அவருடைய வாதம்.

அப்படியானால் கிடைக்கும் பங்கைப் பெண்கள் ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்? கணவன் இறந்தாலோ கைவிட்டாலோ திரும்பிச் செல்லச் சகோதரன் வீடு ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கதவு மூடிவிடாமல் இருக்கச் செலுத்தும் விலையே அந்தப் பங்கு. இந்த இடத்தில் அவர் அமர்த்தியா சென்னிடமிருந்து விலகுகிறார். பெண்கள் தங்கள் நலனைச் சரியாக உணராமல் இருக்கலாம் என்பதற்குச் சென் தரும் அழுத்தத்தை அகர்வால் ஏற்பதில்லை. வெளியே பணிந்து போவதைக் கொண்டு உள்ளே அறியாமை இருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது என்கிறார். இதைப் படித்த பிறகுதான் அம்மாவிடம் நேராகக் கேட்டேன். "நாளைக்கு உங்கப்பாவுக்கு ஒண்ணு ஆனா நான் எங்கே போவேன்? உன் தங்கச்சிக்குச் சீர் செய்ய யார் வருவா?" என்றார். கணக்குப் போடத் தெரியாதவர் அவரல்லர், நான்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 1989-இலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை வழங்கியது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான என் அம்மா போன்றோரை அது விலக்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மேலும், 1956-ஆம் ஆண்டின் மூல வாரிசுரிமைச் சட்டத்தில், சில வட மாநிலங்களில் விளைநிலத்தைப் பெண்களுக்கு எட்டாமல் வைத்திருந்த பிரிவையும் அது நீக்கியது. இத்திருத்தத்துக்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் அகர்வால்.

சொத்து கையில் இருந்தால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு, பிரதீப் பாண்டாவுடன் சேர்ந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் அவர் செய்த ஆய்வைத்தான் நான் காட்டுவேன். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் உடையவர்களிடையே அது 7 விழுக்காடு.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. தகப்பனிடமே நிலம் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்து மகளுக்கு வாரிசுரிமைச் சட்டத்தால் என்ன பயன்? அகர்வாலின் பிற்கால எழுத்துகள், பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவதை ஆராய்வதன் வழியே, இக்கேள்விக்கு ஓரளவு பதில் தருகின்றன. கேரளத்தில் இத்தகைய குழுக்களின் ஹெக்டேர் விளைச்சல் மதிப்பு, தனிக்குடும்பப் பண்ணைகளைப் போல் 1.8 மடங்காக இருந்தது. ஆனால் குத்தகை நிலம் பட்டா நிலமாகிவிடாது. அவருடைய பழைய அளவுகோலின்படியே பார்த்தாலும் இது பாதி வழிதான்.

புதிதாகப் படிக்க விரும்புவோர் ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் அந்த நூலுக்கு முன்னால், குடும்பத்துக்கு உள்ளும் வெளியும் நடக்கும் பேரம் குறித்து அவர் 1997-இல் எழுதிய கட்டுரையைப் படிக்கலாம்.